மாமியார் பார்க்கப் போனேன்

"தொட்டி எத்தன அடி?" என்று கேட்டார் என் வருங்கால மாமியார்.

நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் செபராங் ஜெயாவிலிருந்து கிளம்பி, ஃபெரியில் தீவுக்குக் கடந்து, சுங்கை பினாங்கில் இருக்கும் அவருடைய வளர்ப்பு மீன் கடைக்கு வந்திருந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அவர் மகன் கோகுலனுக்கும் நிச்சயதார்த்தம். பேசி முடிக்க அவனுடைய பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் வந்தார்கள். அவன் அம்மாவால் கடையை விட்டு வர முடியாதாம். நானாவது போய்ப் பார்க்கிறேன் என்றால், "அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி லா, அன்னிக்கே பாத்துக்கலாம்" என்று தட்டிக்கழித்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு இந்த அம்மாவோடுதான் ஒரே வீட்டில் இருக்கப் போகிறேன். பெண் பார்க்கக் குடும்பமே திரண்டு வரலாம், மாமியார் பார்க்க நான் ஒருத்தி வரக்கூடாதா?

"மூணடி இருக்கும் ஆண்டி," என்றேன். என்னிடம் தொட்டியே கிடையாது.

"ஆப்பிரிக்கன் சிக்லிட் மீனா வேணும்? முன்ன வளத்திருக்கீங்களா?"

"இல்ல ஆண்டி. இதான் ஃபர்ஸ்ட்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ஒரே மாதிரி மீன்கள் நிறைந்த தொட்டி ஒன்றைக் காட்டி, இதிலேயே எல்லாம் கொடுங்கள், சண்டை வராது என்றேன். ஒரே மாதிரி இருந்தால்தான் சண்டை வரும் என்றார். தன்னைப் போல் இன்னொன்றைக் கண்டால் இந்த மீன்களுக்கு ஆகவே ஆகாதாம்.

சரி, கலந்து எடுக்கலாம் என்று வேறு வேறு நிறத்தில் காட்டினேன். அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இது பாசி தின்பது, அது புழு தின்பது. ஒரே தீனியைப் போட்டால் ஒன்றுக்கு வயிறு ஊதிச் செத்துப்போகும்.

கொஞ்சமாக எடுத்தால், இளைத்த ஒன்றையே மற்றதெல்லாம் சேர்ந்து துரத்துமாம். நிறைய எடுத்தால் தொட்டி போதாதாம்.

எனக்குத் தலை சுற்றியது. இவர் மீன் விற்பதற்குக் கடை வைத்திருக்கிறாரா, விற்காமல் இருப்பதற்கா?

ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வாய் ஜாஸ்தி என்றானே, அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு பதிலையும் யோசித்து யோசித்துத்தான் சொன்னார். இவருக்கும் என்னைப் பிடிக்க வேண்டுமே என்று கவலையாக இருந்தது.

பையில் போன் அதிர்ந்தது. கோகுலன்தான். எங்கே இருக்கிறேன் என்று கேட்பான். எடுக்காவிட்டால் கோபம் வரும், என்மேல் அவ்வளவு பிரியம். அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதிர்வு நிற்கும்வரை அந்த அம்மா என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சாதுவாத்தானே இருக்கு?" என்று கண்ணாடியில் விரல் வைத்தேன். உள்ளே விரல் நீளத்தில் நீல நிறக் குஞ்சுகள், கோடு கோடாக, அவ்வளவு அழகு.

"இது பேரு கென்யி. இப்ப சாதுதான். ஆம்பள பெருசானா மஞ்சளா மாறிடும். நிறம் மட்டுமில்ல."

கடைக்கோடியில் ஒரு தொட்டியைக் காட்டினார். அதில் ஒரே ஒரு மஞ்சள் மீன். எங்களைக் கண்டதும் கண்ணாடியருகே ஓடி வந்தது.

"குஞ்சுலேருந்து நான் வளத்தது. என் கையில வந்து திங்கும். என்கிட்ட பூனக்குட்டி மாதிரிதான். ஒரு பொட்ட மீன உள்ள விட்டுப் பாருங்க. வாலக் கிழிச்சி, மூலையிலயே நிக்க வச்சி, திங்க விடாமலே கொன்னுரும்."

எனக்கு அந்த மீனைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. வளர்த்தவரே இப்படிக் குறை சொல்கிறாரே என்று அதன் பக்கம் பேசத் தோன்றியது.

"தனியாவே இருந்து பழகிருச்சில்ல ஆண்டி. நல்ல ஜோடியாப் பாத்து விட்டா அடங்கிடும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு மீனுக்காகவா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புதிதாக வளர்க்கிறவர்களுக்கு எதுதான் சரிப்படும் என்று கடைசியாகக் கேட்டேன். எதுவும் வேண்டாம், கொஞ்ச நாள் சும்மா இருங்கள் என்றார். எந்தக் கடைக்காரர் இப்படிச் சொல்வார்? அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். வருத்தமாக இருந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தேன்.

வாசல்வரை கூடவே வந்தார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிச்சயத்துக்குப் பொடவ எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு ஆண்டி," என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் அவரிடம் மீனைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

"கடையில திருப்பிக் குடுத்துரும்மா," என்றார் அவர். "ரிசிட் இருந்தா எடுத்துக்குவாங்க."