மாமாவின் தப்பாத கணக்கு

“ஒரு வருஷத்துல பத்து லட்சத்தைத் தொட்டாத்தாம்ல பேங்க்காரன் கவர்மென்டுக்கு எழுதுவான். நான் ஒம்பது எண்பதோட நிறுத்திட்டேன். பெறவு எப்படில உனக்கு நோட்டீஸ் வரும்?”

அருணாசலம் மாமாவின் குரலில் கொண்டாப்பூர் பிளாட்டின் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. தமிழ்ச்செல்வன் வருமான வரி அலுவலகக் கடிதத்தை நீட்டினான். சென்ற ஆண்டு உங்கள் சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகப் பத்து லட்சம் விழுந்திருக்கிறதே, எங்கிருந்து வந்தது என்று மரியாதையாகவே கேட்டிருந்தார்கள்.

வந்தது மாமாவிடமிருந்து. ஹைடெக் சிட்டி முளைத்த பிறகு அதைச் சுற்றியிருந்த பாறைக்காடெல்லாம் தங்க விலைக்குப் போயிற்று. நிலத் தரகரான மாமாவின் கையில் வெளியே காட்ட முடியாத பணம் புரள ஆரம்பித்தது. “கொஞ்சம் உன் கணக்குல போட்டு எடுத்துக்கிடுதேன், மாப்ளே” என்றார். தமிழ்ச்செல்வனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அப்பா போன கையோடு அவனைத் திருநெல்வேலியிலிருந்து குஷாய்குடாவுக்குக் கூட்டிவந்து, தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, என்ஜினீயராக்கியவர் அவர். மாதாப்பூர் கம்பெனியில் அவன் உட்காரும் நாற்காலியே மாமா போட்டதுதான்.

“நம்ம பணத்தை நாம எங்க போட்டா இவனுக்கென்ன? குளிக்கிற ரூமுல எட்டிப் பாக்குற மாதிரில்லா இருக்கு.” மாமா பாஸ்புக்கைப் பிரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தார். “இந்தா, இந்த இருபதாயிரம் நான் போட்டது இல்ல. நம்ம சலான் பூரா எழுதுறது ருக்மிணிதான். ஒரு நாளும் அவளுக்குக் கூட்டல் தப்பாது.”

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ருக்மிணி அத்தை, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டு மரத்தில் காய்த்த முருங்கைக்காயை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் பேசியது அதைப் பற்றி மட்டும்தான்.

மாமாவின் பார்வை பத்மப்ரியாவிடம் போய் நின்றது. “நீ எதும் போட்டியாம்மா?”

“நான் எதுக்கு மாமா போடறேன்?”

தமிழ்ச்செல்வனும் மனைவியைச் சந்தேகமாகத்தான் பார்த்தான். இந்த ஏற்பாடு அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ‘மாட்டினா உங்க வேலைதான் போகும், உங்க மாமாவுக்குப் போறதுக்கு என்ன வேலை இருக்கு?’ என்று வீட்டில் இதே சண்டைதான். இப்போது அவள் கண்ணைத் தாழ்த்தாமல் அவனையே பார்த்தாள்.

“மாமா, நான் என்ன பதில் எழுதட்டும்? பொய் எழுதுனா அதுக்கும் சேத்து மாட்டுவேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்.” என்று தமிழ்ச்செல்வன் மாமா பக்கம் திரும்பினான்.

மாமா அவன் முகத்தைப் பார்த்தார். அவருடைய சத்தமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்து வந்து அவன் தோளில் கையை வைத்தார்.

“டென்ஷன் நக்கோ, பயப்படாதே மாப்ளே. பத்து லட்சமும் என்னுதுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடுதேன். வரியோ அபராதமோ, நான் கட்டிக்கிடுதேன். உன் பேரு கெடவால உன்னைப் படிக்க வெச்சேன்? இனிமே உன் கணக்குப் பக்கமே வரமாட்டேன்.”

தமிழ்ச்செல்வனுக்குக் கண் நிறைந்துவிட்டது. படிக்கவைத்ததைவிட இது பெரிய உபகாரம் என்று தோன்றியது. லிப்ட் வரை போய் இருவரையும் வழியனுப்பிவிட்டுத் திரும்பியவன், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான்.

“இப்பவாவது உண்மையைச் சொல்லு. நீதானே போட்டே?”

“சத்தியமா இல்லைங்க. யோசிச்சேன், தைரியம் வரலை.”

“அப்ப பேங்க்லதான் யாரோ நம்பரை மாத்தி அடிச்சிருக்காரு. அந்த மகராசன் குடும்பத்தோட நல்லா இருக்கணும்.” அவன் சோபாவில் சாய்ந்தான். “கவர்மென்ட் நம்ம சட்டைப்பையில கை விடுதுன்னு ஆபீஸ்ல நானும்தான் திட்டியிருக்கேன். இனி வாயைத் திறக்கமாட்டேன். கை விட்டதாலதான் பொழச்சேன்.”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அத்தை மட்டும் நின்றாள்.

“பையை மறந்துட்டேன். மாமா கீழ ஆட்டோ பேசிட்டிருக்காரு.”

பத்மப்ரியா காலிப் பையை எடுத்துவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்ட அத்தை உடனே நகரவில்லை. லிப்ட் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீ அவரை எதுத்துப் பேசமாட்டேய்யா. உன் கணக்கை விட்டுருங்கன்னு நான் சொன்னா அவரு கேக்கமாட்டாரு. கவர்மென்ட் சொன்னாத்தான் கேப்பாருன்னு, அந்த இருபதாயிரத்தை நாந்தான் சலான் எழுதிப் போட்டேன்.”

பத்மப்ரியா அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் தாயி. ஆனா அது நான் சேத்து வெச்ச சிறுவாட்டுப் பணம், மெதுவா எடுத்துத் தந்துருங்க” என்று நடந்த அத்தை, லிப்ட் அருகே திரும்பிப் பார்த்தாள். “அப்படி ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னு மாமாவுக்கும் தெரியக்கூடாது, கவர்மென்டுக்கும் தெரியக்கூடாது.”