ஒத்தைத் தும்மல்

வடிவுக்குத் தூசி ஆகாது. அவள் புருஷன் நயினார் நடுக்கடல் காற்றாலை வேலைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, கதவு திறந்து தெருப்புழுதி உள்ளே வந்ததும் ஒரேயொரு தும்மல் போடுவாள். ஒத்தைத் தும்மல் சகுனம் ஆகாதே. அவன் சலித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவான். போனால் திரும்பிவர மாசக்கணக்காகும்.

அப்புறம் அவள் ஒரு மருந்துப் பரிசோதனையில் சேர்ந்தாள். மூக்குத்தி ஒன்றை மாட்டிவிட்டார்கள். தூசியை மோப்பம் பிடித்து, தானே மருந்து விடுகிற மூக்குத்தி. தும்மல் அடியோடு நின்றது. போன தடவை நயினார் படியிறங்கினான், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

இந்தத் தடவை அவன் ஷூ மாட்டும்போதே வடிவு அடுக்களைக்குள் போய் மூக்குத்தியைக் கழற்றினாள்.

"கழற்றினால் பரிசோதனையிலிருந்து விலக்கப்படுவீர்கள்" என்றது கைப்பேசி.

விலக்கட்டும் என்று பரண் தூசியைத் தட்டி முகர்ந்தாள். மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். கண்ணில்தான் நீர் வந்தது. மூக்கு அசையவே இல்லை. மருந்து அவ்வளவு நல்ல மருந்து.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நயினார் பையோடு படியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"வடிவு, ஒரு வாய் தண்ணி தா."

"யாரும் தும்மலையே."

"எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லி, பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.