முன்மொழியத் தகுதியற்றவர்கள்

சுயேச்சையாகப் போட்டியிடப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். புதுச் சட்டப்படி, அந்தப் பத்துப் பேரின் உடல்நல மதிப்பெண்ணும் அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும்.

சாயப்பட்டறைத் தெருக்களுக்கு இலவச மருத்துவமனை கேட்டுத் தேர்தலில் நிற்க வந்த செவிலியர் ஜெசிந்தாவுக்கு ஒன்பது பேர்தான் தேறினார்கள். பத்தாவதாகப் பட்டறைத் தொழிலாளி மாரிக்கண்ணு, மதிப்பெண் அளக்கும் கருவியில் விரலை வைத்தார். அது முப்பத்தொன்று காட்டியது.

"செல்லாதுங்க. நல்லா இருக்கறவங்களாக் கூட்டிட்டு வாங்க" என்றார் தேர்தல் அதிகாரி.

"எல்லாரும் நல்லா இருந்தா நான் எதுக்குங்க நிக்கோணும்?" என்றாள் ஜெசிந்தா.

மாரிக்கண்ணு இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "என்ற ஓட்டாவது செல்லுமா?"

"அது செல்லும்ங்க" என்றார் அதிகாரி.

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு அதிகாரியின் எதிரே உட்கார்ந்து, மாரிக்கண்ணுவிடம் சொன்னாள்: "அண்ணா, நம்ம தெருவையே வரச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா விரல் வைக்கட்டும். ஒவ்வொருத்தர் மூஞ்சியப் பாத்தும் இவரு செல்லாதுன்னு சொல்லட்டும்."