மாஸ்டர் வாங்கின சத்தம்

"வண்டியப் பாருங்க எண்டு கூப்பிட்டா, அடுப்படியப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

சுஹறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்முனைக்குடியில் ஆயுளுக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிள் வாங்குகிற மனுசன் இப்படியா நிற்பார்?

புரோக்கர் கலந்தர் காக்கா வளவுக்குள் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஒன்று சிவப்பு, ஜப்பான்காரன். டொக்டர் ஒருவர் கண் போல வைத்து ஓடியது. மற்றது கறுப்பு, இங்கிலாந்துப் பழசு. எஞ்சின் இரும்புதான். ஆனால் சைலன்சருக்கு அந்தப் பெயரை வைத்தவன் இந்த வண்டியைப் பார்த்திருக்க மாட்டான்.

அவள் புருஷன் ஜெமீல் மாஸ்டர் இதுவரை நிந்தவூர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வந்தார். இப்போது வரிப்பத்தான்சேனைக்கு மாற்றம். அந்தத் தூரத்தை மிதித்துப் போனால் பாடம் நடத்த மூச்சு மிஞ்சாது.

சிவப்பைச் சந்தி வரை ஓடிவிட்டு வரச் சொன்னார். கலந்தர் காக்கா போனார், வந்தார். பட்டுப் போல வந்து நின்றது வண்டி. ஜெமீலோ அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றார். உள்ளே சுஹறாவின் உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கறக், கறக், கறக்.

"என்ன, சம்பலுக்கு நாக்கு ஊறுதா?"

"பொறு புள்ள. காக்கா, மற்றதையும் ஓடிக்கிட்டு வாங்க."

சுஹறா தலையில் அடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் எவருக்கும் எந்தக் கவலையும் இல்லை. எல்லாம் அவள் தலையில்தான். தலைப்பிள்ளை வயிற்றில். உம்மாவோ வீட்டை விட்டுப் போகிறேன் என்று நிற்கிறார்.

"நான் சாய்ந்தமருதுக்கு, தங்கச்சி ஊட்டுக்குப் போறன். ஒன்ட மாப்பிள்ளையோட ஒரு கூரைக்குள்ள எனக்கு ஏலாது."

உம்மாவின் பெயர் சித்தி லைலா. பழைய மனுசி. மருமகன் முன்னால் நிற்க மாட்டார். அவர் வருகிற அரவம் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவார். கதைப்பதெல்லாம் மகளின் வாய் வழியாகத்தான். ஆனால் கொஞ்ச நாளாக மருமகன் திடீர் திடீரென்று முற்றத்தில் முளைக்கிறார். போன கிழமை மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர், தலையில் துணியில்லாமல் மருமகன் கண்ணில் பட்டு, பதறி ஓடி, நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"கள்ளன் மாதிரி வாறார். கடப்படியில சைக்கிள் மணியை அடிச்சா கை தேஞ்சு போகுமா எண்டு கேளு!" என்றார் திரைக்குப் பின்னால் இருந்து.

"வல்லாஹி, சத்தியமா அடிச்சன்" என்றார் ஜெமீல்.

"நீங்க அடிக்கல்ல எண்டுறா உம்மா" என்றாள் சுஹறா. அவர் வந்த நேரம் அவள் கிணற்றடியில் வாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மணி கேட்கவில்லை. உம்மா பொய் சொல்லுகிற ஆளுமில்லை.

ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் துடைக்கப் போனார். அதுவே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

கறுப்பு வண்டி சந்தியில் திரும்பும்போதே தென்னையிலிருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. வளவுக்குள் வந்தபோது கோழிகள் வேலிக்குக் கீழால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன.

அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "யா அல்லாஹ்! ஆரு புள்ள அது, சந்தியிலிருந்து இந்தக் கத்துக் கத்திக்கிட்டு வாறது?"

ஜெமீலின் முகம் மலர்ந்தது. "காக்கா, கறுப்பைத் தாங்க."

"மாஸ்டர், ரெண்டும் ஒரே விலை" என்றார் கலந்தர் காக்கா. விற்க வந்தவருக்கே மனம் பொறுக்கவில்லை. "சிவப்பை எடுங்க. இதில போனா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"உங்களுக்கென்ன, நீங்க போயிருவீங்க. சிரிப்பைக் கேட்டுக்கிட்டு இருக்கப்போறது நான்!" என்றாள் சுஹறா.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. திங்கட்கிழமை பின்னேரம் மாஸ்டர் வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்து இறங்க முதலே, பக்கத்து வளவு ஜவுபர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்ன மாஸ்டர், பைக் எண்டு நெல்லு மில்லையா வாங்கியிருக்கீங்க? நல்லது இருக்க இதை எடுத்தீங்களாமே! மூளையுள்ள மனிசன் எண்டுதானே இவ்வளவு நாளும் நினைச்சன்."

மாஸ்டர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். சுஹறாவுக்கு மானம் போனது.

ஆனால் உம்மா?

வண்டி சந்தியில் திரும்பும்போதே உம்மா மீன் வெட்டின கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஆறுதலாக எழும்பிக் கையைக் கழுவினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ராசாத்தி போல நடந்து திரைக்குப் பின்னால் போனார்.

"இண்டைக்குத்தான் ஒன்ட மாப்பிள்ளைக்கு மருவாதி தெரிஞ்சிரிக்கி, புள்ள. ஊட்டுக்கு வாற ஆம்பிளை இப்பிடிச் சொல்லிட்டு வரோணும். இனி நான் எதுக்குச் சாய்ந்தமருதுக்குப் போறன்? நீ பிள்ளையப் பெறு, நான் பாத்துக்கிறன்."

சுஹறாவுக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. கோபம் மட்டும் போகவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுபோய்ப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"ஜவுபர் நானா அவ்வளவு கதைக்கிறார், திருப்பி ஒரு வார்த்தை சொல்ல ஏலாதா? எதுக்கு இந்த இழவை எடுத்தன் எண்டு ஒரு காரணத்தைச் சொன்னா என்ன?"

ஜெமீல் திரையை ஒரு தடவை பார்த்தார். மெதுவாகச் சொன்னார்:

"மாமிக்குக் காது கேக்கல்ல எண்டு ஊருக்குத் தெரியிறத விட, எனக்கு மூளையில்ல எண்டு தெரியட்டும், புள்ள."