நிறுத்தச் சொன்ன மாத்திரை

ஷௌகத் அலி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது சுல்ஃபத்தின் இரண்டு கையிலும் அரிசிமாவு.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர். மட்டாஞ்சேரியில் சொந்தபந்தம் என்று இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். தம்பி அன்சார் இப்போது இல்லை. ஈரலில் புற்று வந்து மண்ணுக்குள் போய் மூன்று வருஷம். தம்பி பெண்டாட்டிதான் இருக்கிறாள், கூடத்தில் உட்கார்ந்து பத்திரி ரொட்டி பரத்திக்கொண்டு.

போகிறவர் வீடுவீடாக வந்து பொருத்தம் கேட்பது வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்ததையெல்லாம் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்பார். பொருந்திக்கொண்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்கள் என்று இருக்கிறவர்கள் சொல்வார்கள். வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரிதான் அது. எதற்காக என்று யாரும் கேட்பதில்லை.

சுல்ஃபத் கேட்டாள்.

“எதுக்கு இக்கா?”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஹஜ்ஜுக்கான உடம்புப் பரிசோதனையில் அவருக்கும் கொழுப்பு என்று வந்துவிட்டதாம். ரத்தத்திலும் கொழுப்பு, ஈரலிலும் கொழுப்பு. எர்ணாகுளத்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது அன்சாருக்கு எழுதிய அதே மாத்திரை. இது ஈரலைத் தின்றுவிடுமே என்று இவர் கேட்டதற்கு அந்தம்மா சிரித்தாராம். இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலில் புற்று வருவது குறைவாகத்தான் காண்கிறது என்றாராம். ஆனால் அது மாத்திரையால்தானா என்று இன்னும் உறுதியாகவில்லை, புற்று வராமல் இருக்கவென்று யாரும் இதை வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்றும் சொன்னாராம்.

இந்தப் பின்பாதியை ஷௌகத் அலி ஒப்பித்தாரே தவிர, அது அவர் மனசில் ஏறவில்லை.

“நான்தானே சுல்ஃபி நிறுத்தச் சொன்னேன். இங்கிலீஷ் மாத்திரை ஈரலைக் கெடுத்துடும், தூக்கிப் போடுடான்னு இந்த நாற்காலியில உக்காந்து சொன்னேனே. கஷாயம் வாங்கிக் கொடுத்ததும் நான்தானே.”

பெரிய மனுஷர், தாடி நனைய அழுதார்.

சுல்ஃபத் மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னொன்று வரும் என்று.

அன்சாரை அடக்கிய மறுநாள், பள்ளிவாசல் படியில் யாரோ கேட்டார்கள், இந்த வயசில் ஈரல் எப்படிப் போனது என்று. மிளகு வாங்க ஊர் ஊராகப் போகிறவன், அங்கே என்ன குடித்தானோ யார் கண்டது என்று சொன்னவர் இந்த ஷௌகத் அலி. கூடப் பிறந்த அண்ணனே சொல்கிறாரே என்று ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. படியை விட்டு இறங்கிய பேச்சு பாலக்காடு வரை போய்ச் சேர்ந்தது. நிச்சயம் முடிந்திருந்த மாப்பிள்ளை வீட்டார், குடிகாரன் மகள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் நௌரின் இன்றைக்கும் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

அன்சார் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. இருமல் மருந்தைக்கூட இரண்டு தடவை மோந்து பார்ப்பார்.

அந்த ஒன்றைக் கேட்டால் போதும். கேட்ட அந்த நிமிஷமே பொருந்திக்கொண்டேன் என்று சொல்ல அவள் வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

ஷௌகத் அலி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வேற ஒண்ணும் இல்லையா இக்கா?”

“வேற என்ன சுல்ஃபி? தோள்ல தூக்கி வளத்த பிள்ளை. வேற என்ன செஞ்சேன் நான் அவனுக்கு?”

அவர் மறைக்கவில்லை. மறந்தே போயிருக்கிறார்.

எழுந்து கையைக் கழுவினாள். சாயா போட்டு, சர்க்கரையைப் பார்த்துப் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

“அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தாம இருந்திருந்தா...” என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

“பொருந்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, சுல்ஃபி.”

“நான் பொருந்தினா போதுமா இக்கா? போனவர் பொருந்தணுமே.”

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்தார். வந்தபோது இருந்த நடை இல்லை. சந்து முனை திரும்புகிறவரை சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். சுல்ஃபத் வாசலில் நின்று, அவர் மறைகிறவரை பார்த்தாள்.

திரும்பினால் பின்னால் நௌரின் நிற்கிறாள். அறைக்குள் இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“அம்மா, அத்தா எங்க மாத்திரையை நிறுத்தினார்? பெரியத்தா படி இறங்கினதும் கஷாயத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டு, சிரிச்சுக்கிட்டே மாத்திரையைப் போட்டுக்குவாரே. ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும், டாக்டர் போதும்னு சொல்றவரைக்கும் நீதானே கொடுத்தே.”

“நான்தான் கொடுத்தேன்.”

“அப்புறம் ஏன்? பெரியத்தா ஹஜ்ஜுக்குப் போயும் அழுவாரே.”

சுல்ஃபத் மறுபடி உட்கார்ந்து, ஒரு உருண்டை மாவைப் பலகையில் வைத்து அழுத்தினாள்.

“அழட்டும். வேற என்ன செஞ்சோம்னு தேடித் தேடி அழட்டும். அந்தப் பள்ளிவாசல் படி ஞாபகத்துக்கு வர்ற வரைக்கும் அழட்டும்.”