ஒரு பிரதி போதும்

பாரம்பரியக் குழுவின் தலைவி, கைப்பிடியைத் தடவியபடி நாடக அரங்கின் மரப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்.

"பாத்து மேடம், அடுத்த படி உடைஞ்சிருக்கும்" என்றது இயக்குநரின் குரல்.

தலைவி சட்டென்று காலை உயர்த்தி வைத்தார். உண்மையில் அங்கே படி ஏதும் இல்லை. அவர் நின்றது ஓர் ஏசி அறையின் வழவழப்பான தரையில். தலையில் பெரிய கறுப்புக் கண்ணாடி, காதுகளில் ஹெட்போன். பாரம்பரியத் துறையின் இயக்குநர் சோபாவில் சாய்ந்திருந்தார். நிஜ அரங்கு தெருவுக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

அந்த அரங்கைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்த விதம் அழகானது. லேசர் ஒளி சுவரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். அப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகளை அளந்து கோத்தால் தூண் வரும், தூணில் ஆணி வரும், ஆணியில் ஏறிய துருவும் வரும். ஆனால் கண்ணாடிக்குள் எதுவும் சேர்த்து வைக்கப்படுவதில்லை. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதற்கேற்ற படத்தை மெஷின்கள் அந்தக் கணமே வரைந்து அனுப்புகின்றன.

இத்தனையும் செய்தவன் இயக்குநரின் மச்சான். மச்சான் என்பதால் வேலை கிடைத்தது. மச்சான் என்பதாலேயே மரியாதை கிடைக்கவில்லை.

"மெஷினெல்லாம் அடுப்பு மாதிரி கொதிக்குது அத்தான். ஒரு ஏசி ரூம் குடுங்க" என்று முன்பு கேட்டுப் பார்த்தான்.

"உங்க அக்காவுக்கே நான் ஏசி போட்டுத் தரல. எங்கயாவது குளிர்ச்சியா ஒரு மூலை பாத்து வெச்சுக்கோ."

"சரி, எல்லாத்தையும் இன்னொரு பிரதியாவது எடுத்துடலாமே?"

"எதுக்கு? கட்டடம் என்ன ரெண்டா இருக்கு?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்று காலை மச்சானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம் வர்ற நேரத்துல இந்தச் சட்டையோட முன்னாடி வந்து நிக்காதே. மெயின் ரோட்டுக்குப் போய் வர்ற காரையெல்லாம் ஒழுங்கா நிறுத்து" என்று அனுப்பிவைத்தார்.

அரங்கை இடிக்க வந்த அரசு உத்தரவு தெளிவாக இருந்தது. முழுப் பிரதியும் கைக்கு வந்து, தலைவி கையெழுத்துப் போட்ட பிறகே கட்டடத்தைத் தொடலாம். பிரதி இல்லாமல் ஒரு செங்கல் பெயர்ந்தாலும் இயக்குநருக்கு வேலை போகும், வழக்கும் வரும். அதனால் இன்று ஒப்படைப்பு, நாளை இடிப்பு என்று ஏற்பாடு.

ஆனால் ஒப்படைப்பு மட்டும் என்றால் அதில் என்ன சுவாரசியம்? இயக்குநர் போனை எடுத்து, இடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் கிசுகிசுத்தார். "ஆரம்பிய்யா."

"நாளைக்குன்னு சொன்னீங்களே சார்?"

"மேடம் கண்ணாடியைக் கழட்டறப்ப கட்டடம் அங்க இருக்கக் கூடாது. அதான்யா ஷோ!"

"ஆளுங்க யாரும் இல்ல, சுத்திப் பாத்துட்டேன். மேடைக்குக் கீழ நிலவறை மட்டும் பூட்டியிருக்கு. உள்ளேருந்து ஏதோ ரீங்காரம் வருது சார்."

"தேனீ கூடு கட்டியிருக்கும். அதுக்கும் ஒரு குழு போடணுமா? பின்பக்கத்துல இருந்து இடிய்யா!"

தலைவி இப்போது பால்கனியில் இருந்தார். அண்ணாந்து கூரை ஓவியத்தைப் பார்த்தார். "இந்தக் கிளியோட ஒரு இறகு கூட விட்டுப்போகல. செஞ்சவரை நான் பாக்கணுமே!"

"எல்லாம் நம்ம மேற்பார்வைதான் மேடம்" என்று சத்தமாகச் சொன்னார் இயக்குநர். "இதை இடிக்கக் கூடாதுன்னு ஒரு கூட்டம் வாசல்ல உக்காந்து அழுதுச்சு. செங்கல்லைக் கட்டிக்கிட்டு அழற ஜென்மங்க! செங்கல்லுல என்ன மேடம் இருக்கு? கரையான்தான் இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கை உயர்ந்து இறங்கியது. பின்சுவர் சாய்ந்தது, அதன் மேல் கூரை சாய்ந்தது. மேடை இருந்த இடத்தில் பெரும் பள்ளம் விழுந்து புழுதி கிளம்பியது. இயக்குநர் கல்யாண மாப்பிள்ளை போலச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"என்ன இது, திடீர்னு இருட்டாயிடுச்சு?" என்றார் தலைவி.

"கழட்டுங்க மேடம். கழட்டிட்டு வெளிய பாருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னலைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"கட்டடம் எங்க?"

"உங்க கையில இருக்கற கண்ணாடிக்குள்ள!" இந்த வசனத்தை அவர் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தார்.

தலைவி கண்ணாடியை மறுபடி மாட்டிப் பார்த்தார். "இதுல இருட்டுதான் இருக்கு."

"அதுவா? அந்த மடையன் எங்கயாவது ஒயரைப் புடுங்கியிருப்பான். இதோ கூப்பிடறேன். வந்ததும் பிரதியை உங்க கையில குடுத்துடறேன், நீங்க கையெழுத்தைப் போட்டுடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் ஓடிவந்தான். தலையெல்லாம் சுண்ணாம்புப் புழுதி. கையில் ஒரு பழைய பித்தளைச் சாவி.

"மெஷினெல்லாம் அந்த நிலவறைக்குள்ள இருக்கறப்ப எவன் அத்தான் இடிக்கச் சொன்னது?"