கடைசிக் கதையின் நடை

அச்சுப்படியின் மூன்றாம் பக்கத்திலேயே கார்முகிலன் நின்றுவிட்டான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் உதிர்ந்த தோல் மாதிரி, பக்கம் வழவழவென்று கிடந்தது. மேற்கோள் குறி இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. மாமியார் திட்டுவதும் மருமகள் திருப்பிக் கொடுப்பதும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல் ஓடின.

“எல்லாத்தையும் எடுத்துட்டீங்க” என்றான்.

லாங் பஜார் கடைத்தெருவில் ஒரு மாடியில் பதிப்பகம் நடத்தும் ஜோசுவா சமோசாவைக் கடித்தபடி சிரித்தார். எண்ணெய் விரலாலேயே தாளைத் திருப்பினார். கதைகளை எழுதிய சௌம்யாவின் பெயர் மேல் ஒரு மஞ்சள் கறை விழுந்தது. கார்முகிலன் துடைத்தான். கறை பரவியது.

இப்போது யாரும் மேற்கோள் போடுவதில்லை என்று ஜோசுவா விளக்கினார். வாசகனை நம்ப வேண்டுமாம். மூன்று புள்ளியும் ஆச்சரியக்குறியும் பழைய வாரப் பத்திரிகைகளோடு போய்விட்டனவாம்.

“அந்தப் பொண்ணு நல்லாத்தான் எழுதிச்சு. ஆனா பிரியாணில கல்லு உப்பு தூவின மாதிரி பக்கம் பூரா குறி. படிக்கறப்ப பல்லுல கடிபடுது தம்பி.”

கார்முகிலன் தன் மனைவியைப் பற்றி இப்படிப் பேசும் வாயில் உருளைக்கிழங்கு அரைபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சௌம்யா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவள். கம்பெனி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி, மறு கையின் கட்டை விரலால் போனில் கதை எழுதுவாள். போன ஆடியில் இறந்துபோனாள். இது அவளுடைய முதல் புத்தகம். இனி வேறு வராது. இன்று மாலை அச்சுக்குப் போகிறது.

“பழையபடியே போடுங்க சார். இல்லன்னா புத்தகம் வேணாம்.”

ஜோசுவா கையைத் துடைத்துக்கொண்டார். தோல் ஃபினிஷிங்கில் மெருகேற்றும் வேலை பார்க்கும் கார்முகிலனுக்கு இதெல்லாம் பிடிபடாதது தப்பில்லை என்றார். பிறகு கடைசிக் கதையை எடுத்து முன்னால் வைத்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சௌம்யா நேராக அவருக்கே அனுப்பிய கதை.

“இதப் பாருங்க. ஒரு புள்ளி, ஒரு மேற்கோள் கெடயாது. நான் கையே வெக்கல, வந்தது வந்தபடி. கடைசில அந்தப் பொண்ணே புது நடைக்கு வந்துடுச்சு. முன்னுரைல இதத்தான் எழுதியிருக்கேன். மத்த கதைங்கள இதுக்குத் தோதா மாத்தினேன், அவ்ளோதான். அதுக்கே புடிச்சிருந்தத நீங்க இன்னாத்துக்குத் தடுக்கறீங்க?”

கார்முகிலன் அந்தக் கதையைப் படித்தான். அதை மட்டும்தான் அவன் இப்போது முதல் தடவையாகப் படிக்கிறான்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் வாக்கியத்தின் முடிவில் ஒரு புள்ளி வைத்தான். அடுத்த வரியில் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று தேடவில்லை. பேனா நேராகப் போய் மேற்கோளைப் போட்டது.

“இன்னா தம்பி பண்றீங்க? அது சௌம்யாவோட நடை.”

கார்முகிலன் தலை நிமிரவில்லை.

“அவ எப்பவும் இப்பிடித்தான் எழுதுவா சார். வூட்டுக்கு வந்ததும் புள்ளி வெக்கிறது நானு. இத அனுப்பின அன்னிக்கு நான் அவளுக்கு ரத்தம் தேடி அலைஞ்சினு இருந்தேன்.”